ஜி.ஆர்.ஈ சொற்பெட்டி: 800 காட், 12 கிழமை

வெளிநாட்டு மேற்படிப்புக்குக் கேட்கிற ஜி.ஆர்.ஈ தேர்வுக்கு ஆங்கிலச் சொல் சேர்க்கத் தொடங்குகிற எவரும் முதலில் செய்வது ஒன்றுதான். ஆயிரம் சொல் பட்டியலொன்றை இணையத்தில் எடுத்துப் பிரிண்ட் அடித்து, பக்கத்தில் தமிழ்க் கருத்தை எழுதி, விடிய எழும்பிப் பாடமாக்குவது. மூன்றாம் கிழமையில் பட்டியல் முழுக்கத் தெரிந்த மாதிரி இருக்கும். பயிற்சித் தாளைத் திறந்தால் ஐந்து விடையில் நாலுக்குக் கருத்துத் தெரியும், எதைப் போடுவது என்று மட்டும் தெரியாது. இதற்கு ஞாபகசக்தியைக் குறை சொல்வது வழக்கம். உண்மையில் பிழை, சொல்லுக்குப் பக்கத்தில் எழுதிய தமிழ் வரியில். பட்டியலை விட்டுக் காட் (ஒரு பக்கம் கேள்வி, மறுபக்கம் விடை எழுதிய சிறு அட்டை) செய்தாலும் அந்த வரி பிழைத்தால் கதை ஒன்றுதான். ஆகவே கீழே வருவதில் ஒரு நல்ல பங்கு அந்த வரியைப் பற்றியதுதான்.

இங்கே ஆங்கிலச் சொற்கள் தமிழெழுத்தில் இருக்கின்றன. காட்டில் அப்படி எழுதவே கூடாது. எங்கள் எழுத்தில் ஒரே 'ப'தான் இரண்டு ஆங்கில எழுத்துக்கும் நிற்கும், 'வ'வும் அப்படியே. தேர்வில் ஒரு எழுத்து மாறினால் சொல்லே மாறிவிடும். 'வீனல்' என்றால் இலஞ்சத்துக்கு வளைகிறவர், 'வீனியல்' என்றால் மன்னிக்கக்கூடிய சிறு பிழை.

கணக்கு

2023 செப்டெம்பருக்குப் பிறகு தேர்வு மொத்தம் 1 மணி 58 நிமிடம். மொழிப் பகுதி இரண்டு துண்டு: 18 நிமிடத்தில் 12 கேள்வி, 23 நிமிடத்தில் 15 கேள்வி. இந்த 27 கேள்வியில் ஏறத்தாழப் பாதி வாசிப்புப் பகுதி, மிச்சப் பாதிதான் இடைவெளி நிரப்புதலும் இணைச்சொல் தெரிவும். புள்ளி 130-இலிருந்து 170 வரை. பிழைக்குப் புள்ளி வெட்டுவதில்லை, ஆனால் இரண்டு அல்லது மூன்று இடைவெளியுள்ள கேள்வியில் ஒன்று பிழைத்தாலும் முழுக்கேள்வியும் போச்சு. எதிர்ச்சொல், ஒப்புமைக் கேள்விகளை 2011 ஓகஸ்டில் எடுத்துவிட்டார்கள். பழைய வழிகாட்டிப் புத்தகங்கள் கைமாறிக் கைமாறி இன்னும் ஊரில் சுற்றுகின்றன. அவற்றிலுள்ள எதிர்ச்சொல் பயிற்சியில் மணித்தியாலக் கணக்கில் இருப்பது வீண்.

தேர்வை நடத்துகிறவர்கள் அதிகாரபூர்வமான சொல் பட்டியல் எதையும் வெளியிடுவதில்லை. எந்தப் பட்டியலும் யாரோ ஊகித்துத் தொகுத்ததுதான். அதனால் 3,000 சொல்லைத் துரத்தத் தேவையில்லை, 800 போதும். நாளுக்கு 12 சொல், கிழமைக்கு 6 நாள், 11 கிழமை: 792. மீதி 8 காட்டுக்கு வேறு வேலை இருக்கிறது, பிறகு வரும். பன்னிரண்டாம் கிழமை புதுச்சொல் கிடையாது.

நேரக் கணக்கையும் முதலே பார்த்துவிட வேண்டும். ஒரு காட்டை ஒழுங்காகச் செய்ய 3 முதல் 4 நிமிடம், ஆகப் 12 காட்டுக்கு முக்கால் மணித்தியாலம். மீட்டல் ஐந்தாறு கிழமை போனபின் நாளுக்கு 100 காட் வரை ஏறும். காட்டுக்கு 8 செக்கன் என்றால் 13, 14 நிமிடம். எல்லாமாக ஒரு மணித்தியாலம். செய்வதுதான் கூட நேரம் எடுக்கும், மீட்டல் அல்ல. ஆயத்தமாகக் கிடைக்கும் காட் தொகுப்பை இறக்கி அந்த முக்கால் மணித்தியாலத்தை மிச்சம் பிடிக்கிறவர்கள், பிறகு அதையே மீட்டலில் இரட்டிப்பாகக் கொடுத்து முடிப்பார்கள்.

தமிழ் வரி

'தணி' என்ற ஒரு சொல்லை எடுத்துப் பாருங்கள். காய்ச்சல் தணிந்தது, தாகம் தணிந்தது, அப்பாவின் கோபம் தணிந்தது, மாரிக் காற்றுத் தணிந்தது. எங்களுக்கு எல்லாம் ஒன்று. ஆங்கிலம் இதை எதைத் தணிக்கிறோம் என்று பார்த்துப் பிரித்து வைத்திருக்கிறது. கோபப்பட்ட ஆளைத் தணிப்பது பிளகேட், மொலிஃபை, அப்பீஸ். இந்த மூன்றிலும் அப்பீஸுக்கு, கேட்டதைக் கொடுத்து வாயடைக்கிற ஒரு வாடை உண்டு. பசி, பயம், குற்ற உணர்வைத் தணிப்பது அஸ்வேஜ். தாகத்துக்கு ஸ்லேக். பாதிப்பின் கடுமையைக் குறைப்பது மிட்டிகேட். வலியைக் குறைத்து நோயை அப்படியே விடுவது பலியேட். காற்றும் மழையும் தானாகத் தணிவது அபேட்.

இந்த எட்டுக் காட்டிலும் 'தணித்தல்' என்று மட்டும் எழுதியிருந்தால் மீட்டலில் எட்டும் சரி வரும், தாளில் எட்டும் குழம்பும். எனவே தமிழ் வரிக்குப் பக்கத்தில் 'யாரை / எதை' என்று ஒரு கட்டாயக் கட்டம் வேண்டும். பலியேட் காட் இப்படி இருக்கும்:

முகம்: "அந்த மருந்து வலியை ____, கட்டி மட்டும் அப்படியே கிடந்தது" என்ற கருத்தில் ஓர் ஆங்கில வசனம், சொல்லின் இடம் வெறுமையாக.
முதுகு: சொல். தணி. எதை: வலி, நோய்க்குறி. குறிப்பு: நோயின் வேர் மாறாது. அயல்: அலீவியேட். எதிர்: எக்ஸாசர்பேட்.

முதுகில் இதைவிடக் கூட எழுத வேண்டாம். அகராதியின் ஐந்து கருத்தையும் வரிசையாகக் கொப்பி பண்ணிய காட்டை எவரும் முழுக்க வாசிப்பதில்லை. முதல் கருத்தைப் பார்த்துவிட்டு 'தெரியும்' என்று நகர்ந்துவிடுவார்கள்.

தமிழ்ச் சொல்லைத் தெரிவதில் இன்னொரு சங்கதி. அகராதித் தமிழைவிட வீட்டுத் தமிழ் கெதியாய் ஒட்டும். சிக்கோபான்ட் என்பதற்கு 'முகத்துதி செய்பவர்' என்று எழுதினால் அதையும் சேர்த்துப் பாடமாக்க வேண்டிவரும். 'வால்பிடி' என்று எழுதினால் முடிந்தது. கருலஸ் – அலட்டல். இர்க்சம் – அரியண்டம். பிரையிங் – விடுப்புப் பார்க்கிறது. ஸ்டிஞ்ஜி – கசவாரம். ஃபிரூகல் – சிக்கனம். கடைசி இரண்டையும் பாருங்கள்: செயல் ஒன்றுதான், ஒன்று வசை, மற்றது புகழ். தேர்வு கேட்பது பெரும்பாலும் இந்த நிறத்தைத்தான். ஆகவே ஒவ்வொரு காட்டின் மூலையிலும் +, −, 0 என்று ஒரு குறி போட வேண்டும். சொல்லின் கருத்து மறந்து நிறம் மட்டும் ஞாபகத்தில் இருந்தாலே ஐந்து விடையில் இரண்டு மூன்றை வெட்டிவிடலாம்.

போட்ட தமிழ்ச் சொல் சரியா என்று பார்க்கத் திருப்பிப் பார்ப்பதே நல்ல வழி. உடுவிலில் பல வருடம் இருந்த மிரன் வின்சுலோ 1862-இல் சென்னையில் வெளியிட்ட தமிழ்–ஆங்கில அகராதியைச் சிக்காகோ பல்கலைக்கழகத்தின் தளத்தில் இலவசமாகத் தேடலாம். நீங்கள் எழுதிய தமிழ்ச் சொல்லை அதில் போடுங்கள். வரும் ஆங்கிலச் சொற்கள் உங்கள் காட்டின் சொல்லுக்குக் கிட்டவும் இல்லையென்றால் தமிழ் வரியை மாற்ற வேண்டும். அதன் ஆங்கிலம் 160 வருடத்துப் பழசு என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

தெரிந்த சொல்லின் தெரியாத முகம்

பட்டியல்களில் வராமல் தாளில் வந்து விழுத்துவது தெரிந்த சொற்கள்தான். அரெஸ்ட் என்றால் எங்களுக்குப் பொலிஸ், தாளில் அது வளர்ச்சியைத் தடுத்து நிறுத்துவது. ஃபிளாக் – கொடியல்ல, சோர்ந்துபோதல். வோண்ட் – விருப்பமல்ல, இன்மை. குவாலிஃபை – தகுதி பெறுவதல்ல, சொன்னதற்கு ஒரு வரம்பு போடுவது. பிளாஸ்டிக் – வளைந்து கொடுக்கும் தன்மை. பெடெஸ்ட்ரியன் – வீதிப் பலகையில் நடந்து போகிறவர், தாளில் சப்பென்ற எழுத்து. சாங்ஷன் என்பது அனுமதிக்கும் வரும், தண்டனைக்கும் வரும், வசனம்தான் தீர்க்கும். 'இது எனக்குத் தெரியும்' என்று பட்டியலில் கோடு போட்டு வெட்டிய சொற்களை ஒருக்கா மீண்டும் பார்த்தால் 40, 50 காட்டுக்குச் சொல் கிடைக்கும்.

இலத்தீன் வேர் படிப்பது பற்றிக் கேட்பவர்கள் கனக்க. முப்பது வேர் தெரிந்தால் உதவும், அதற்கு மேல் நேர விரயம். வேரை நம்பி விழும் இடங்களைச் சிவப்பில் எழுதி வைக்க வேண்டும். எனர்வேட் எனர்ஜி கொடுப்பதல்ல, உறிஞ்சுவது. நொய்சம் சத்தமல்ல, நாற்றம். ரெஸ்டிவ் ஓய்வல்ல, இருப்புக்கொள்ளாமை.

பெட்டி

போனைக் கையில் எடுத்தால் கவனம் வேறெங்கோ போய்விடும் என்கிறவர்களுக்குக் கடதாசிப் பெட்டி. 1970-களில் ஜெர்மன்காரர் செபஸ்தியான் லைட்னர் பிரபலப்படுத்திய முறை.

200 ஜி.எஸ்.எம் ஏ4 அட்டை 110. ஒன்றை எட்டாக வெட்டினால் 105க்கு 74 மில்லிமீற்றர் காட் எட்டு. 100 அட்டையில் 800 காட், 10 அட்டை பிழைத்துப் போவதற்கு. கத்தரிக்கோலால் வெட்ட வேண்டாம். ஓரம் ஒழுங்கில்லாவிட்டால் புரட்டும்போது விரலில் இரண்டு மூன்றாக வரும். அச்சகத்தில் கொடுத்து மெசினில் வெட்டுவியுங்கள். பெட்டிக்குச் சப்பாத்துப் பெட்டி. 30 சென்ரிமீற்றர் நீளப் பெட்டியில் முன்னிருந்து 3, 3, 5, 7, 10 என்று ஐந்து அறை, நடுவில் தடித்த மட்டைத் தடுப்பு. காட் ஒன்று கால் மில்லிமீற்றர் தடிப்பு என்று கணக்குப் போட்டால் கடைசி அறையில் 400 வரை நிற்கும்.

முதல் அறை தினமும், இரண்டாவது 2 நாளைக்கொருக்கா, பிறகு 4, 8, 16. சரி வந்தால் அடுத்த அறை. பிழைத்தால் எந்த அறையில் இருந்தாலும் முதல் அறை. இரக்கப்பட்டு ஒரு அறை மட்டும் பின்னுக்கு வைப்பார்கள், பெட்டி பழுதாவது அங்கேதான். மூன்றாம் நாலாம் அறையில் பாதி தெரிந்த காட்கள் தேங்கி, எட்டு நாளைக்கொருக்கா பிழைத்துக்கொண்டே இருக்கும். ஐந்தாம் அறையில் இரண்டு தரம் சரி வந்த காட்டை எடுத்து றப்பர் பாண்ட் போட்டு வேறாக வைத்துவிடலாம்.

ஜெல் பேனை வேண்டாம், போல்பொயின்ற் போதும். ஐப்பசி கார்த்திகை மழையில் அட்டை ஈரம் இழுத்து வளையும், ஜெல் மை ஊறிப் பக்கத்துக் காட்டில் ஒட்டும். நிலத்தில் வைத்தால் கறையானுக்குப் படிக்கக் கொடுத்த மாதிரி.

போனில் செய்தால்

அங்கி என்ற இலவச மென்பொருள். அன்ட்ரொயிட்டில் அங்கிட்ரொயிட் இலவசம், கொம்பியூட்டரில் இலவசம், ஐபோன் அப்புக்கு மட்டும் காசு. கரண்டோ இணையமோ இல்லாவிட்டாலும் போனில் ஓடும், வைஃபை கிடைக்கும்போது ஒத்திசைத்தால் சரி. பெட்டியும் அங்கியுமாக ஒரே சொல்லை இரண்டிலும் நடத்த வேண்டாம். இரண்டும் அரைகுறையாகும்.

மாற்ற வேண்டிய அமைப்புகள் நாலு. நாளுக்குப் புதுக் காட் 20 என்று இருக்கும், 12 ஆக்குங்கள். அடுத்த மீட்டல் எப்போது என்று கணிக்கிற எஃப்.எஸ்.ஆர்.எஸ் என்ற புதிய முறையை இயக்குங்கள். ஞாபக இலக்கு 0.90-இலேயே இருக்கட்டும். 0.95-க்கு ஏற்றினால் மீட்டல் வேலை பெருகுமே தவிர புள்ளி அந்த அளவுக்குப் பெருகாது. 'லீச்' (திரும்பத் திரும்ப மறக்கிற காட்) எல்லை 8-இல் இருக்கும், 5 ஆக்குங்கள். ஒரு காட் ஐந்து தரம் மறந்தால் பிழை காட்டில்தான். திரும்ப எழுத வேண்டும்.

பொத்தான்களில் கவனிக்க வேண்டியது 'ஹாட்'. அது 'கஷ்டப்பட்டு ஞாபகம் வந்தது' என்பதற்கு. மறந்துவிட்டு வெட்கத்தில் 'ஹாட்' அமத்தினால், தெரியும் என்று எடுத்துக்கொண்டு அது இடைவெளியை நீட்டும். மறந்தால் 'அகெய்ன்' மட்டுமே.

பட்டியலை எக்செலில் அடித்து ஏற்றும்போது வரும் பிழை இரண்டு. முதலாவது, சாதாரண சி.எஸ்.வி-யாகச் சேமித்தால் தமிழ் முழுக்கக் கேள்விக்குறியாகும். 'சி.எஸ்.வி யூ.டி.எஃப்-8' என்ற தெரிவைத்தான் எடுக்க வேண்டும். இரண்டாவது எங்கள் ஊர்ப் பிழை. பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்த கருத்துப் பட்டியலை அப்படியே ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும், அது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் பாமினியில் மெய்யெழுத்துப் புள்ளி என்பது அரைப்புள்ளிக் குறி. ஏற்றும்போது பிரிகுறியாக அரைப்புள்ளி தெரிவாகியிருந்தால் ஒவ்வொரு மெய்யெழுத்திலும் சொல் உடைந்து அடுத்த கட்டத்துக்குப் போய், ஒரு காட்டின் கருத்து ஐந்தாறு துண்டாகச் சிதறும். எழுத்துருவை மாற்றிப் பார்த்து இதைத் திருத்த முடியாது. முதலில் யூனிகோட்டுக்கு மாற்றி, பிரிகுறியை 'டாப்' ஆக்கி, 5 வரி மட்டும் ஏற்றிப் பார்த்து, பிறகு மிச்சத்தை ஏற்றுங்கள்.

மூன்றாம் கிழமையும் ஆறாம் கிழமையும்

முதல் இரண்டு கிழமையும் சும்மா ஓடும். மூன்றாம் கிழமையில் 200 சொல் தாண்டும்போது ஒன்றையொன்று தின்னத் தொடங்கும். இஞ்ஜீனியஸ் (கெட்டித்தனம்) – இஞ்ஜெனுவஸ் (கள்ளங்கபடமின்மை), பிரொடிகல் (ஊதாரி) – பிரொடிஜியஸ் (மிகப்பெரிய), சென்சர் இரண்டும்: ஒன்று தணிக்கை, மற்றது கண்டனம். இப்படியான சோடிகளை 'ஒன்றாகப் படித்தால் வித்தியாசம் விளங்கும்' என்று ஒரே நாளில் ஏற்றுவது பெரிய பிழை. இரண்டும் புதிதாக இருக்கும்போது எது எது என்ற சந்தேகம் மட்டும்தான் மனதில் நிற்கும். ஒன்றைப் போட்டு, அது நாலாம் அறைக்குப் போனபின் மற்றதைப் போடுங்கள். பிறகும் குழம்பினால் இரண்டுக்கும் ஒவ்வொரு இடைவெளி விட்ட ஒரே வசனத்தில் மூன்றாவது காட் ஒன்று.

ஆறாம் கிழமையில் வருவது வேறு வியாதி. காட்டைப் பார்த்ததும் விடை வரும், வேறொரு வசனத்தில் பார்த்தால் வராது. வசனத்தின் முதல் இரண்டு சொல்லை வைத்தே மனம் விடை சொல்லிவிடுகிறது. லீச் ஆகாமல் அடிக்கடி சரி வரும் காட்களில் 30-ஐ எடுத்து வசனத்தை மட்டும் மாற்றுங்கள். எத்தனை விழுகிறது என்று பார்த்தால் உண்மையான கணக்குத் தெரியும். மாற்று வசனத்துக்கு உள்ளூர் ஆங்கிலப் பத்திரிகையின் செய்திப் பக்கம் உதவாது, நடை வேறு. அறிவியல், வரலாறு, கலை விமர்சனக் கட்டுரைகளில் இருந்து எடுங்கள்.

மீதி எட்டுக் காட்

எனிதிங் பட் – நிச்சயமாக அப்படி இல்லை. நத்திங் பட் – அது மட்டுமே. ஓல் பட் – ஏறக்குறைய. நத்திங் இஃப் நொட் – மிகவும் அப்படியே. ஃபார் ஃப்ரொம் – அதற்கு நேர்மாறு. வசனத் தொடக்கத்தில் ஃபோர் ஓல் – இருந்தபோதிலும். நொட் ஸோ மச்… அஸ் – முன்னதைவிடப் பின்னதுதான். சேவ் – தவிர.

'அவர் எனிதிங் பட் தாராளம்' என்றால் அவர் கசவாரம். இதை 'தாராளம் தவிர மற்றதெல்லாம்' என்று சொல்லுக்குச் சொல் எடுத்துத் தடுமாறினால் வசனத்தின் திசை கைவிட்டுப் போகும். திசை போனால் 800 சொல்லும் உதவாது. இந்த எட்டையும் முதல் கிழமையிலேயே போட்டுவிடுங்கள்.

தாளில் வைத்துப் பார்த்தல்

நாலாம் கிழமையிலிருந்து ஞாயிறுதோறும் 14 கேள்வி, 14 நிமிடம். நடத்துகிறவர்களின் இலவசப் பயிற்சித் தேர்வுகளைத் தொடாமல் ஒன்பதாம் கிழமைக்கு மேல் வையுங்கள்.

இணைச்சொல் கேள்வியில் ஆறு விடை, இரண்டு எடுக்க வேண்டும், இரண்டும் சரியென்றால்தான் புள்ளி. மாதிரிக்கு ஒன்றைத் தமிழில் பார்ப்போம்: 'மேடையில் பேராசிரியர் ____, எழுத்திலோ ஒரு சொல் மிகாது.' விடைகள்: லொக்வேஷஸ், லக்கோனிக், எலொக்வன்ட், கருலஸ், டேர்ஸ், கண்டிட். விடையைப் பார்க்க முதல் கையால் மூடிக்கொண்டு இடைவெளிக்கு உங்கள் சொல்லைப் போடுங்கள்: அலட்டல், அல்லது கூடக் கதைப்பவர். 'எழுத்திலோ' என்பதுதான் திருப்பம். இப்போது கையை எடுத்தால் லொக்வேஷஸ், கருலஸ் இரண்டும் தானாக நிற்கும். லக்கோனிக்கும் டேர்ஸும் நல்ல சோடிதான், ஆனால் எழுத்துக்குரிய திசை. சோடி தேடுவதையே முதலில் செய்கிறவர்கள் அதில் விழுவார்கள். எலொக்வன்ட் வசனத்தில் அழகாகப் பொருந்தும் போல இருக்கும், ஆனால் அதற்குத் துணை இல்லை. துணையில்லாத சொல் எவ்வளவு வடிவாகப் பொருந்தினாலும் விடை அல்ல.

பிழைத்த ஒவ்வொரு கேள்விக்கும் கொப்பியில் ஓர் எழுத்து: சொல் தெரியாது என்றால் 'சொ', நிறம் பிழைத்தால் 'நி', திசை பிழைத்தால் 'தி'. மூன்று ஞாயிறு போனால் எது கூட என்று தெரியும். 'சொ' கூட என்றால் மட்டுமே புதுக் காட் தேவை. 'தி' கூட இருக்கும்போது மேலும் 200 சொல் ஏற்றுவது, ரியூப்பில் காற்றுப் போகும்போது சங்கிலிக்கு எண்ணெய் விடுவது போலத்தான்.

கடைசிக் கிழமை

புதுக் காட் நிறுத்தம். லீச் ஆனவற்றில் இன்னும் மாறாதவை 20, 30 இருக்கும். அவற்றை விட்டுவிடலாம், 800-இல் முப்பது போனால் போகட்டும். கொழும்புக்குப் போய் எழுதுகிறவர்கள் இரவுப் பயணத்தில் மீட்ட நினைக்க வேண்டாம், நித்திரைதான் முக்கியம். வீட்டிலிருந்து எழுதுகிறவர்கள் மேசையை முதல்நாளே வெறுமையாக்க வேண்டும். குறிப்பெடுக்கச் சாதாரணக் கடதாசிக்கு அனுமதியில்லை. அழிக்கக்கூடிய சிறிய வெள்ளைப் பலகை, அல்லது பொலிதீன் உறைக்குள் வைத்த ஒரு தாளும் அழியும் மார்க்கரும் போதும். சப்பாத்துப் பெட்டியை அந்த அறையிலேயே வைக்காமல் குசினிப் பக்கம் கொண்டுபோய் வைத்துவிடுங்கள். கண்காணிப்பவர் கமராவைச் சுற்றிக் காட்டச் சொல்லும்போது அதற்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க முடியாது.